எலக்ட்ரோனிக் ப்ரேக்கர் மாட்டப் போகிறீர்களா? மலையகத்தில் சிறு ஸ்டோர், மில் நடத்துபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

புது ரோலரோ கலர் சோர்ட்டரோ வாங்கியதால் லோட் கூடியிருக்கும். அல்லது பழைய மெயின் ப்ரேக்கர் அடிக்கடி விழுகிறதென்று பார்க்க வந்த எஞ்சினியர், "எலக்ட்ரோனிக் ட்ரிப் உள்ள எம்சிசிபி ஒன்று போடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். எம்சிசிபி என்பது தொழிற்சாலைகளில் போடும் பெரிய ப்ரேக்கர், ட்ரிப் என்றால் அது விழுந்து கரன்ட்டைத் துண்டிப்பது. அதற்குப் பிறகு என்ன செய்வது, யாரிடம் போவது, எந்தத் தாள் முதலில் வேண்டும் என்று சொல்ல ஆள் இருக்காது. எங்கள் தேயிலை ஸ்டோரில் (தொழிற்சாலையில்) இந்த வேலையை முடிக்க நாங்கள் பட்ட அலைச்சல் கொஞ்சமல்ல. தமிழில் எழுதிவைத்த ஒரு பக்கம் கையில் இருந்திருந்தால் பாதி அலைச்சல் குறைந்திருக்கும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு நீங்களே பெனலைத் திறக்கக் கூடாது. 400 வோல்ட் த்ரீ பேஸ் இரண்டாவது வாய்ப்புத் தராது. வேலையைத் தகுதியுள்ளவர் செய்யட்டும். அவரிடம் என்ன கேட்க வேண்டும், எதைப் பார்த்த பிறகு கையெழுத்துப் போட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ப்ரேக்கரைப் பலகையில் பூட்டுவது அரை நாள் வேலைதான். அதற்கு முன்னால் போடும் கணக்கும், பூட்டிய பின் வைக்கும் செட்டிங்கும்தான் ஆளையும் ஸ்டோரையும் காப்பாற்றும்.

1. லோடையும் கேபிளையும் எழுதி எடுங்கள்

ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மோட்டராகப் போங்கள். பெயர்ப்பலகையில் உள்ள கிலோவோட், ஆம்பியர், எந்த ஸ்டார்ட்டர் (நேரடியா, ஸ்டார் டெல்டாவா, இன்வெர்ட்டரா) என்று குறியுங்கள். வாடல் தொட்டி விசிறிகள், ரோலர், ட்ரையர், லைட் எல்லாமே. பிறகு கொழுந்து அதிகம் வந்த ஒரு நாளில், எல்லாம் ஓடும் நேரத்தில், மெயின் கேபிளின் மூன்று பேஸையும் எலக்ட்ரிஷனிடம் சொல்லி க்ளாம்ப் மீட்டரில் அளந்து எழுதுங்கள். நியூட்ரலையும் அளக்கச் சொல்லுங்கள்.

கேபிளின் அளவு அதன் மேலுறையிலேயே அச்சிட்டிருக்கும்: எத்தனை கோர், எத்தனை சதுர மில்லிமீட்டர், செம்பா அலுமினியமா. அது எத்தனை ஆம்பியர் தாங்கும் என்பது மண்ணில் புதைத்ததா, சுவரில் போனதா, மற்றக் கேபிள்களோடு நெருக்கிக் கட்டியதா என்பதைப் பொறுத்து மாறும். இந்தக் கணக்கை எஞ்சினியர்தான் போட வேண்டும். கடைக்காரர் வாய்க்கணக்காகச் சொல்லும் ஆம்பியரை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கரன்ட் பில்லையும் எடுத்து வையுங்கள். உங்கள் இணைப்பு 42 கிலோவோல்ட் ஆம்பியருக்கு (கேவிஏ) உள்ளேயா மேலேயா என்பதை வைத்துத்தான் அடுத்த வேலை எல்லாம். த்ரீ பேஸ் 60 ஆம்பியர் இணைப்பு என்றால் கிட்டத்தட்ட அந்த 42 தான். அதற்கு மேலே போனால் பல்க் சப்ளை. அங்கே ஒப்பந்த அளவு, அதிகபட்ச கேள்வி (அந்த மாதம் எடுத்த உச்ச லோட்) எல்லாம் பில்லில் தனித்தனியாக வரும்.

2. ஆட்களும் தாள்களும்

இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மின் எஞ்சினியர், பட்டயப் பொறியியலாளர் என்றால் நல்லது. பல்க் சப்ளைக்கு அவருடைய சான்றிதழ் இல்லாமல் காரியம் நடக்காது. மற்றவர் மாட்டுகிற எலக்ட்ரிஷன். வீட்டு வயரிங் நன்றாகச் செய்யும் பாஸ்மார் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள், கைவேலை சுத்தமாகவும் இருக்கும். ஆனால் தொழிற்சாலைப் பெனல் வேறு வேலை. தேசியத் தொழிற்தகைமைச் சான்றிதழ் இருக்கிறதா, இதற்கு முன் எங்கே எம்சிசிபி மாட்டினார் என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

கையில் ஒரு ஃபைல் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி மூன்று மாதப் பில், காணி அல்லது குத்தகை உறுதியின் பிரதி, வியாபாரப் பதிவு, லோட் பட்டியல், ஒற்றைக்கோட்டு வரைபடம் (மெயினிலிருந்து ஒவ்வொரு கிளைக்கும் கரன்ட் போகும் வழியைக் காட்டுவது), பழைய ஏர்த் டெஸ்ட் அறிக்கை இருந்தால் அதுவும். ஒப்பந்த அளவைக் கூட்டுவதாக இருந்தால் இவை எல்லாமே கேட்கப்படும். வெறும் ப்ரேக்கர் மாற்றம் என்றாலும் வரைபடம் அவசியம். பல ஸ்டோர்களில் வரைபடம் என்று ஒன்று இருப்பதே இல்லை. எஞ்சினியருக்குக் கொடுக்கும் முதல் காசு அதற்கே போகட்டும்.

மெயின் ப்ரேக்கருக்கு மேலே உள்ள பகுதி, மீட்டர், சீல் வைத்த பெட்டி எல்லாம் உங்களுடையவை அல்ல. அந்த சீலை உடைக்க உங்கள் எலக்ட்ரிஷனுக்கும் உரிமை இல்லை. மேலே இருந்து வரும் கரன்ட்டை நிறுத்தித் தரும்படி மின்சார சபை ஏரியா ஒபிஸுக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். கட்டணம் கட்டிய ரசீதையும் நிறுத்தும் திகதியையும் கையில் வாங்கிய பிறகுதான் மற்ற ஏற்பாடுகள். வாய்ச்சொல்லை நம்பி ஆட்களைக் கொழும்பிலிருந்து கூப்பிட்டால் அந்த நாள் கூலி வீண்.

3. எதைக் கேட்டு வாங்குவது

"250 ஆம்பியர் ப்ரேக்கர் ஒன்று" என்று கேட்காதீர்கள். கடையில் எதையாவது தருவார்கள். எஞ்சினியரிடம் முழு மாடல் எண்ணையும் எழுதி வாங்கி, அதையே கொட்டேஷனிலும் போடச் சொல்லுங்கள். பெட்டி வந்ததும் இவற்றைப் பாருங்கள்:

உடம்பில் ஐஈசி 60947-2 என்று இருக்க வேண்டும். வீட்டு எம்சிபியின் தரம் ஐஈசி 60898, அது வேறு.

உள்ளே ட்ரிப் யூனிட் (ப்ரேக்கரை எப்போது விழவைப்பது என்று முடிவெடுக்கும் பகுதி) இருக்கிறதா? ப்ரேக்கர் போலவே அச்சொட்டாகத் தெரியும், ஆனால் ட்ரிப் யூனிட் இல்லாத வெறும் சுவிட்சும் அதே வடிவத்தில் வருகிறது. விலை குறைவாக ஒரு கொட்டேஷன் வந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

உடைக்கும் திறன், அதாவது ஷோட் ஆகும்போது பாதுகாப்பாகத் துண்டிக்கக்கூடிய உச்ச கரன்ட், எத்தனை கிலோஆம்பியர்? 160 கேவிஏ ட்ரான்ஸ்போமர், 4 சதவீத இம்பீடன்ஸ் (அதன் உள்தடை) என்றால் அதன் வாயிலேயே ஷோட் ஆனால் சுமார் 5.8 கிலோஆம்பியர் வரும். 25 கிலோஆம்பியர் ப்ரேக்கர் அதற்குத் தாராளம். ஆனால் பெரிய ட்ரான்ஸ்போமர் பக்கத்திலேயே இருந்தால் கணக்கு மாறும்.

மூன்று போலா நான்கு போலா, அதாவது மூன்று பேஸை மட்டும் துண்டிப்பதா, நியூட்ரலையும் சேர்த்தா? ஜெனரேட்டரும் சேஞ்ச் ஓவரும் உள்ள இடத்தில் நான்கு போல் வேண்டியிருக்கலாம். எஞ்சினியர் சொல்வதை வரைபடத்திலும் எழுதிவிடச் சொல்லுங்கள்.

ஷண்ட் காயில் (தூரத்திலிருந்து ப்ரேக்கரை விழவைப்பது), அண்டர் வோல்டேஜ் காயில் (வோல்டேஜ் குறைந்தால் விழவைப்பது) போன்ற துணைப் பாகங்கள் எத்தனை வோல்ட்டுக்கு உரியவை? 24 வோல்ட் காயிலை 230 வோல்ட்டில் கொடுத்தால் அந்தக் கணமே கருகும். எங்களுக்கு வந்த பெட்டியில் காயில் வேறு வோல்ட்டாக இருந்தது, மாற்றி எடுக்கக் காலம் போனது. அதனால் பணம் கொடுக்கும் முன் பெட்டியைத் திறந்து பாருங்கள். அண்டர் வோல்டேஜ் காயில் போடுவதாக இருந்தால் தாமதம் உள்ளதாகக் கேளுங்கள். மழைக்காலத்தில் நம் பக்கத்து லைனில் வோல்டேஜ் ஒரு கணம் சாய்ந்து எழும்பும். தாமதம் இல்லாத காயில் ஒவ்வொரு தடவையும் ஸ்டோரை நிறுத்திவிடும்.

உயரம் பற்றியும் சிலர் பயமுறுத்துவார்கள். பொதுவாக இந்த வகை ப்ரேக்கர்கள் 2000 மீட்டர் வரை ஆம்பியர் அளவைக் குறைக்காமலே வேலை செய்யும்படி செய்யப்பட்டவை. ஹட்டன் சுமார் 1270 மீட்டர், நுவரெலியா நகரம் சுமார் 1870 மீட்டர். ஆகவே பெரும்பாலானோர் கவலைப்பட வேண்டியதில்லை. அதற்கு மேலே உள்ள டிவிஷன்களில் இருப்பவர்கள் மட்டும் தயாரிப்பாளரின் அட்டவணையைப் பார்க்கட்டும். உண்மையில் குளிரும் சூடும்தான் எலக்ட்ரோனிக் வகையை நமக்குப் பொருத்தமாக்குகிறது. பழைய தெர்மல் வகை உள்ளே உள்ள உலோகத் தகடு சூடேறுவதை வைத்து விழுவது. ட்ரையர் பக்கத்தில் இருந்தால் சீக்கிரம் விழும், குளிர்ந்த அறையில் இருந்தால் தாமதிக்கும். எலக்ட்ரோனிக் வகை கரன்ட்டை அளந்து முடிவெடுப்பதால் அந்த வித்தியாசம் இல்லை. ஆனால் ஈரமும் தேயிலைத் தூசியும் அதற்கு எதிரி.

4. செலவு

ப்ரேக்கரின் விலையை மட்டும் மனதில் வைத்து இறங்கினால் நடுவில் நிற்க வேண்டி வரும். லக் (கேபிள் முனையில் பூட்டும் உலோகக் காது), க்ளாண்ட் (கேபிள் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் போடும் இறுக்கி), பேஸ் தடுப்பு (பேஸ்களுக்கு இடையே வைப்பது), நீட்டிப்புத் தகடுகள், பெனல் ஹீட்டர், சேர்ஜ் பாதுகாப்பு (மின்னலால் திடீரென ஏறும் வோல்டேஜைத் தடுப்பது), ஏர்த் லீக்கேஜ் ரிலே (மண்ணுக்குக் கசியும் கரன்ட்டைக் கண்டுபிடிப்பது), எஞ்சினியர் கட்டணம், டெஸ்ட் கட்டணம், மின்சார சபைக் கட்டணம், கொழும்பிலிருந்து லொறிக் கூலி என்று சேர்ந்துகொண்டே போகும். கொட்டேஷனில் 18 சதவீத வற் சேர்ந்ததா சேராததா என்று ஒவ்வொரு வரியிலும் கேளுங்கள். இறக்குமதிப் பொருள் என்பதால் டொலர் விலையோடு சேர்ந்து மாறும், கொட்டேஷன் எத்தனை நாளுக்குச் செல்லும் என்பதையும் பாருங்கள். புறக்கோட்டையில் மலிவாகக் கிடைக்கலாம். ஆனால் வாரண்டியும் ட்ரிப் வளைகோட்டுத் தாளும் (எத்தனை ஆம்பியரில் எவ்வளவு நேரத்தில் விழும் என்று காட்டுவது) அங்கீகாரம் பெற்ற முகவரிடமிருந்தே வரும். ஆளின் உயிர் தங்கியிருக்கும் பொருளில் அந்த வித்தியாசத்தை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

5. நாள் குறித்தல்

கொழுந்து வரத்து உச்சத்தில் இருக்கும் ஏப்ரல், மே பக்கம் ஸ்டோரை நிறுத்தவே முடியாது. அதோடு ஏப்ரலும், ஒக்டோபர் நவம்பரும் இடிமின்னல் காலம். தீபாவளி, பொங்கல் லீவில் வேலை வைத்தால் ஆட்களுக்கும் இடைஞ்சல் இல்லை. ஆனால் அந்த நாட்களில் மின்சார சபையிலிருந்து ஆள் வருவாரா என்று முன்பே உறுதிப்படுத்த வேண்டும். ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை காய்ந்த காலம், ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைத்தால் அதுதான் எங்களுக்குச் சௌகரியமாக இருந்தது. ஊவாப் பக்கம் மழை வேறு மாதிரி, அங்குள்ளவர்கள் தங்கள் பருவத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

காலையிலேயே தொடங்குங்கள். பின்னேரம் மிஸ்ட் (பனிமூட்டம்) இறங்கினால் திறந்து வைத்த பெனலுக்குள் ஈரம் படியும். அதற்கு முன் கதவு மூடும்படி திட்டம் இருக்கட்டும்.

6. கரன்ட் உண்மையிலேயே நின்றதா

இங்கே அவசரம் கூடாது. கரன்ட் வரும் வழிகள் எல்லாவற்றையும் எண்ணுங்கள்: மின்சார சபை லைன், ஜெனரேட்டர், கூரை சோலார், கெபசிட்டர் பேங்க் (நிறுத்திய பின்னும் சார்ஜ் தங்கியிருக்கும் பெட்டி). ஜெனரேட்டர் ஒட்டோ ஸ்டார்ட்டில் இருந்தால் லைன் நின்றதும் அதுவாகவே ஓடத் தொடங்கிவிடும், வேலை செய்பவரின் கையில் கரன்ட் வரும். பேட்டரி வயரைக் கழற்றி வையுங்கள். சோலார் இன்வெர்ட்டரின் ஏசி, டிசி இரண்டு பக்கமும் நிறுத்துங்கள். கெபசிட்டரை நிறுத்திக் குறைந்தது 5 நிமிடமாவது பொறுத்து, பின் அளந்து பாருங்கள்.

ஒவ்வொரு சுவிட்சுக்கும் பூட்டு, அதில் அட்டை, சாவி வேலை செய்பவரின் சட்டைப்பையில். பிறகு இரண்டு முனை உள்ள வோல்டேஜ் டெஸ்டரை முதலில் கரன்ட் உள்ள இடத்தில் வைத்து வேலை செய்கிறதா என்று பார்த்து, பெனலில் பேஸுக்கும் பேஸுக்கும், பேஸுக்கும் நியூட்ரலுக்கும், பேஸுக்கும் ஏர்த்துக்கும் வைத்துப் பார்த்து, மறுபடியும் கரன்ட் உள்ள இடத்தில் பார்க்க வேண்டும். டெஸ்டர் ஸ்க்ரூட்ரைவர் இந்த வேலைக்கு ஆகாது. எலக்ட்ரிஷன் இதைச் செய்யும்போது நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள்.

7. பூட்டும்போது கவனிக்க வேண்டியவை

லக்கை ஹைட்ரோலிக் க்ரிம்பரால் அழுத்த வேண்டும், சுத்தியலால் அடிக்கக் கூடாது. அலுமினியக் கேபிள் செம்புத் தகட்டில் சேர்வதானால் இரு உலோக லக் போட வேண்டும். போல்ட்டை டோர்க் ஸ்பேனரால், தயாரிப்பாளர் தாளில் உள்ள அளவுக்கு முறுக்கி, பேனாவால் கோடு போட வேண்டும். தளர்ந்த போல்ட்டைப் போல ஸ்டோருக்குத் தீ வைப்பது வேறொன்றில்லை. ப்ரேக்கரால்கூட அந்தச் சூட்டைக் கண்டுபிடிக்க முடியாது. பேஸ் தடுப்புகள் பெட்டியில் சும்மா கிடந்தால் ஏன் போடவில்லை என்று கேளுங்கள். ப்ரேக்கருக்கு மேலே தாளில் சொன்ன வெற்றிடம் விட்டிருக்க வேண்டும், ஷோட் ஆகும்போது சூடான வாயு அந்த வழியாக வெளியேறும்.

பெட்டி ஐபி 54 தரத்தில் (தூசியையும் தெறிக்கும் தண்ணீரையும் தடுப்பது), கேபிள் கீழிருந்து க்ளாண்ட் வழியாக ஏறட்டும். மேலிருந்து கேபிள் இறக்கினால் மழைநீர் கேபிளோடு ஓடிவந்து உள்ளே சொட்டும். உள்ளே தெர்மோஸ்டாட்டோடு ஒரு சிறு ஹீட்டர் வையுங்கள். சிலிக்கா பை மட்டும் இந்த மிஸ்டுக்குப் போதாது. பல்லி புகும் ஓட்டைகளையும் அடைக்கச் சொல்லுங்கள்.

கேபிளின் இன்சுலேஷனை 500 வோல்ட் மெகரில் அளந்து பார்க்கும்போது ஒரு சிக்கல் இருக்கிறது. ட்ரிப் யூனிட், ஏர்த் லீக்கேஜ் ரிலே, சேர்ஜ் பாதுகாப்பு இவற்றைக் கழற்றாமல் மெகர் வைத்தால் உள்ளே உள்ள எலக்ட்ரோனிக்ஸ் பழுதாகலாம். வெளியே ஒன்றும் தெரியாது. கேபிளைத் தனியாகப் பிரித்து அளந்து, ஒரு மெகாஓமுக்குக் கீழே இருந்தால் இணைக்கவே கூடாது. புதுக் கேபிள் என்றால் அதைவிடப் பல மடங்கு கூடுதலாகக் காட்டும்.

8. டயல்களை உங்கள் கேபிளுக்குத் திருப்புங்கள்

இந்த முழு வேலையிலும் அதிகம் கைவிடப்படும் இடம் இது. பெட்டியிலிருந்து வந்தபடியே டயலை விட்டுவிட்டுக் கரன்ட் கொடுத்துவிடுகிறார்கள். எல்லாம் ஓடும், எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் அங்கே பாதுகாப்பு இல்லை.

கணக்கைப் பாருங்கள். ப்ரேக்கர் 250 ஆம்பியர். நீங்கள் அளந்த லோட் 140. எஞ்சினியர் கணக்குப்படி கேபிள் தாங்குவது 180. முதல் டயல், அதாவது நீண்ட நேர ஓவர்லோட் டயல், 1.0 இல் இருந்தால் ப்ரேக்கர் 250 ஐத்தான் எல்லையாக எடுக்கும். ஐஈசி தரத்தின்படி அமைத்த அளவின் 1.3 மடங்கில் 2 மணி நேரத்துக்குள் விழுந்தால் போதும். அதாவது 180 தாங்கும் கேபிளில் 325 ஆம்பியர் 2 மணி நேரம் வரை ஓடலாம். கேபிள் உருகிவிடும், ப்ரேக்கர் அப்படியே நிற்கும். அதே டயலை 0.6 இல் வைத்தால் 150 ஆம்பியர். லோட் 140, செட்டிங் 150, கேபிள் 180. இந்த வரிசை எப்போதும் இப்படியே ஏறிப்போக வேண்டும்.

அடுத்தது குறுகிய நேர டயல். இது முதல் டயலின் மடங்காக வரும். ரோலரின் 30 கிலோவோட் மோட்டர் சுமார் 56 ஆம்பியர் எடுக்கும், நேரடியாக ஸ்டார்ட் ஆகும்போது ஏழு மடங்கு என்று வைத்தால் 390 பக்கம். மற்றவை ஓடிக்கொண்டிருக்கும் 84 ஐச் (140 இல் 56 போக மிச்சம்) சேர்த்தால் 475 வரும். டயலை 3 இல் வைத்தால் 450, ரோலர் கிளம்பும்போதெல்லாம் விழும். 6 இல் வைத்தால் 900, ஸ்டார்ட் ஆக இடம் உண்டு. ஆனால் மேலே எவ்வளவும் ஏற்றலாம் என்று நினைக்க வேண்டாம். கேபிளின் கடைசி முனையில் ஷோட் ஆனால் எத்தனை ஆம்பியர் வருமோ அதற்குக் கீழேதான் இந்த அளவு இருக்க வேண்டும். நீளமான கேபிளில் அது நிறையக் குறைந்துவிடும். எஞ்சினியரின் கணக்கில் அந்த எண் இருக்கிறதா என்று கேளுங்கள்.

தாமத டயல்களில், மெயின் ப்ரேக்கர் கிளை ப்ரேக்கர்களைவிடக் கொஞ்சம் பொறுத்து விழும்படி வைப்பார்கள். அப்போதுதான் ஒரு விசிறி மோட்டர் பழுதானால் முழு ஸ்டோரும் இருட்டாகாது. வைத்து முடிந்ததும் டயல்களைத் தெளிவாகப் போட்டோ எடுத்து, அளவுகளை ஒரு தாளில் எழுதி, எஞ்சினியர் கையெழுத்தோடு பெனல் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். மூடியை சீல் செய்துவிடுங்கள். விழுகிறதென்று யாராவது டயலைக் கூட்டிவிட்டால் அன்றிலிருந்து கேபிளுக்குக் காவல் இல்லை.

9. ஏர்த்: ப்ரேக்கர் பார்க்காத ஆபத்து

நம் நாட்டில் சாதாரண இணைப்புகளில் ஏர்த் ராடை நாம்தான் மண்ணில் அடிக்கிறோம். மலையில் பாறை மண், ஏர்த் தடை இலகுவில் இறங்காது. 10 ஓம் இருக்கிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். மோட்டர் உடம்பில் பேஸ் பட்டால் 230 ஐ 10 ஆல் பிரித்து, அதிகபட்சம் 23 ஆம்பியர்தான் மண்ணுக்குப் போகும். 150 இல் வைத்த ப்ரேக்கருக்கு இது ஒன்றுமே இல்லை. மோட்டரைத் தொடுபவர் செத்துப்போகலாம், ப்ரேக்கர் விழாது.

"இதில் ஜி செட்டிங் இருக்கிறது, அது ஏர்த்தைப் பார்த்துக்கொள்ளும்" என்று விற்பவர் சொல்லுவார். அந்த ஜி பொதுவாக ப்ரேக்கர் அளவின் 0.2 மடங்கிலிருந்துதான் தொடங்கும், 250 க்கு அது 50 ஆம்பியர். உங்கள் 23 ஐ அதுவும் பார்க்காது. ஆகவே தனியாக ஏர்த் லீக்கேஜ் ரிலேயோ, அந்த மொடியூலோ கட்டாயம் வேண்டும். மெயினில் 300 மில்லிஆம்பியர், சிறு தாமதத்தோடு. கையால் தொடும் பிளக் பொயிண்டுகளில் 30 மில்லிஆம்பியர் ட்ரிப் சுவிட்ச். உங்களிடம் சொந்த ட்ரான்ஸ்போமர் இருந்தால் ஏர்த் முறையே வேறாக இருக்கலாம், எஞ்சினியரிடம் கேட்டு முடிவெடுங்கள்.

ஏர்த் தடையை மழை பெய்த மறுநாள் அளக்காதீர்கள், நல்ல எண்தான் வரும். பெப்ரவரி, மார்ச் வெயிலில் அளந்ததுதான் உண்மையான எண். ஒரு ராடில் இறங்காவிட்டால் இடைவெளி விட்டு இன்னும் அடித்து, செம்புப் பட்டையால் இணைக்க வேண்டும்.

10. கரன்ட் கொடுக்கும் நாள்

எல்லாக் கிளை ப்ரேக்கர்களும் கீழே இருக்கட்டும். பெனல் கதவை மூடிய பிறகுதான் மெயினை ஏற்ற வேண்டும். ஏற்றுபவர் பெனலுக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நிற்கட்டும், மற்றவர்கள் அறைக்கு வெளியே. பேஸ் வரிசை சரியா என்று பார்க்காமல் மோட்டரைத் தொடாதீர்கள், விசிறிகள் மறுபக்கம் சுற்றும். பிறகு ஒவ்வொரு கிளையாக ஏற்றுங்கள்.

ட்ரிப் யூனிட்டின் பச்சை விளக்கு எரியவில்லை என்று பதற வேண்டாம். பல மாடல்கள் தம் வழியே ஓடும் கரன்ட்டிலிருந்தே சக்தி எடுக்கின்றன, லோட் குறைந்தபட்ச அளவுக்கு வந்த பிறகே விளக்கு எரியும். ட்ரிப் பட்டனையும் ரிலேயின் டெஸ்ட் பட்டனையும் அழுத்தி, இரண்டிலும் ப்ரேக்கர் விழுகிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். ஸ்டோர் முழு லோடில் ஓடும் முதல் நாளில் லக்குகளின் சூட்டைத் தெர்மல் கெமராவால் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பேஸ் மற்ற இரண்டைவிடச் சூடாக இருந்தால், அளந்த கரன்ட் மூன்றிலும் ஒரே அளவாக இருக்கும்போது, அந்த போல்ட்டைத்தான் பார்க்க வேண்டும்.

எஞ்சினியரின் டெஸ்ட் சான்றிதழ், ட்ரிப் வளைகோடு, புது வரைபடம், வாரண்டி அட்டை எல்லாம் கைக்கு வந்த பிறகு கடைசிப் பணத்தைக் கொடுங்கள். ஒரு பிரதி இன்சூரன்ஸுக்கு.

11. விழுந்தால்

எலக்ட்ரோனிக் ப்ரேக்கர் ஏன் விழுந்தது என்று பெரும்பாலும் காட்டும்: ஓவர்லோடா, ஷோட்டா, ஏர்த்தா. இரவு ஷிப்டில் இருப்பவருக்கு அந்த விளக்குகளின் அர்த்தத்தைத் தமிழில் எழுதிப் பெனலிலேயே ஒட்டுங்கள். ஓவர்லோட் என்றால் லோடைக் குறைத்து, சில நிமிடம் விட்டு ஏற்றலாம். சூட்டை நினைவில் வைத்திருக்கும் மாடல் என்றால் உடனே ஏற்றினால் மறுபடி சீக்கிரம் விழும். ஷோட் அல்லது ஏர்த் என்று காட்டினால் ஒரு தடவைகூடத் திரும்ப ஏற்றக் கூடாது. கொழுந்து வாடிப்போகுமே என்று தோன்றும், தோன்றத்தான் செய்யும். ஆனாலும் எலக்ட்ரிஷன் வந்து கேபிளையும் மோட்டரையும் அளந்து பார்க்கும்வரை பூட்டுப் போட்டு வையுங்கள். பெரிய ஷோட் ஒன்றை உடைத்த ப்ரேக்கரையும், மழைநீரோ சேறோ புகுந்த ப்ரேக்கரையும் துடைத்துக் காயவைத்து மறுபடி போட வேண்டாம்.